அணி யார் கையில்?

அமெரிக்காவின் சின்னப் பேஸ்பால் ஊர்களில் எது நல்ல விளையாட்டு நகரம்?

2013 ஏப்ரலில், டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரம் தன் நகராட்சித் தலைமைக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தது. கட்டடம் இடிந்துவிழும் நிலையில் இருந்ததா என்றால், இல்லை. அந்த இடத்தில் ஒரு பேஸ்பால் மைதானம் வரவேண்டும் என்று முடிவாகியிருந்தது. அதிகாரிகள் வேறு கட்டடங்களுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டே மைதானம் திறந்தது. 'எல் பாசோ சிவாவாஸ்' என்ற அணி ஆட வந்தது.

இத்தனைக்கும் அது முதல் வரிசை அணி இல்லை. நன்றாக ஆடுகிற எவரும் அங்கே நிலைத்து இருக்கமாட்டார்கள் என்பது டிக்கெட் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு நகரம் தன் தலைமையகத்தைக் கொடுத்திருக்கிறது. மைனர் லீக் பேஸ்பால் ஒரு ஊருக்கு என்னவாக இருக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். உச்சத்தில் இருப்பது மேஜர் லீக். 30 அணிகள், பெரும்பாலும் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரங்களில். ஒவ்வொரு அணிக்கும் கீழே நான்கு படிகள்: டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ. ஆக, 120 ஊர்களில் 120 அணிகள். நாற்றங்காலில் நாற்று விட்டுப் பறித்து வயலில் நடுவதைப்போல, பள்ளி, கல்லூரி முடித்து வரும் பையன்களை இந்த ஊர்களில் வளர்த்து, தேறியவர்களை மட்டும் மேலே எடுத்துக்கொள்கிறார்கள். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நிர்வகித்த பிராஞ்ச் ரிக்கி வளர்த்தெடுத்த முறை இது. பின்னாளில் கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சனை புரூக்ளின் அணிக்குக் கொண்டுவந்து, 1947-ல் மேஜர் லீகின் நிறச்சுவரை உடைத்தவரும் இவரே. அந்த ராபின்சனும் அதற்கு முந்தைய ஆண்டு மான்ட்ரியாலில் மைனர் லீக் ஆடிவிட்டுத்தான் வந்தார்.

வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பது மேலிடத்து அணி. யார் ஆடுவது, யார் உட்காருவது என்பதும் அவர்கள் முடிவு. உள்ளூர் நிர்வாகத்தின் கையில் இருப்பவை மைதானம், டிக்கெட், தின்பண்டம், விளம்பரப் பலகை ஆகியவை மட்டுமே. ஜூலையில் அடித்து நொறுக்கும் பையனை ஆகஸ்டில் மேலே அழைத்துக்கொள்வார்கள். அன்று இரவு உள்ளூர் அணி தோற்கும். ஊர் அதற்காக வருந்துவதில்லை. டிவியில் அவன் முகம் வரும்போது, "இவன் நம்ம ஊரில் ஆடினவன்" என்று காட்டிப் பெருமைப்படும்.

எனவே வெற்றி, கோப்பை, புள்ளிப் பட்டியல் இவற்றை வைத்து இந்த ஊர்களை ஒப்பிட முடியாது. வேறு அளவுகோல் வேண்டும். விளையாட்டு வணிகத்துக்காகவே வெளிவரும் 'ஸ்போர்ட்ஸ் பிசினஸ் ஜர்னல்' மைனர் லீக் ஊர்களைத் தரவரிசைப்படுத்திப் பட்டியல் வெளியிட்டு வந்திருக்கிறது. பேஸ்பாலோடு ஐஸ் ஹாக்கி போன்ற மற்ற விளையாட்டுகளின் மைனர் அணிகளும் அதில் கணக்கில் வரும். அணிகள் எத்தனை காலம் ஊரில் தங்கின, எவ்வளவு கூட்டம் வந்தது, ஊரின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல அளவுகோல்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். அணி யாருக்குச் சொந்தம்?

காலி நாற்காலி இல்லாத ஊர்

கூட்டத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒஹையோ மாநிலத்தின் டேட்டனை யாரும் நெருங்க முடியாது. ரைட் சகோதரர்களின் ஊர் அது. 2000-ல் அங்கே 'டேட்டன் டிராகன்ஸ்' அணி வந்தது. முதல் ஆட்டத்தில் மைதானம் நிரம்பியது. அடுத்ததும் நிரம்பியது. பதினோரு ஆண்டுகள் ஒரு ஆட்டம் தவறாமல் நிரம்பி, 2011 ஜூலை 9 அன்று 815-வது ஆட்டமும் 'ஹவுஸ் ஃபுல்' ஆனபோது, கூடைப்பந்தில் போர்ட்லாண்ட் டிரெயில் பிளேசர்ஸ் வைத்திருந்த 814 ஆட்டச் சாதனை முறிந்தது. அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டு முழுவதிலும் அதுவே பெரிய சாதனையாக இருந்தது. டிராகன்ஸ் அதன்பின் ஆயிரத்தையும் தாண்டிப் போய்விட்டது.

இது எந்தக் காலத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2008 டிசம்பரில், டேட்டனை ஒட்டிய மொரைன் கார்த் தொழிற்சாலையை ஜெனரல் மோட்டார்ஸ் மூடியது. அடுத்த ஆண்டு, கல்லாப்பெட்டி இயந்திரங்களால் உலகப் புகழ்பெற்று நூறாண்டுக்கு மேல் அந்த ஊரின் அடையாளமாக இருந்த என்.சி.ஆர். நிறுவனம் தன் தலைமையகத்தை ஜார்ஜியா மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டது. வேலை போன ஊர் மைதானத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் இடைவெளி இருப்பதுபோல இங்கே இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் இடைவெளி. அந்த நேரத்தில் குழந்தைகளை மைதானத்தில் இறக்கி ஓடவிடுவார்கள், டிராகன் வேடம் போட்டவர்கள் கூத்தடிப்பார்கள். குடும்பம் முழுக்க வந்துபோகக் கட்டுப்படியாகும் மாலைப்பொழுது அது. கஷ்ட காலத்தில் ஊர் ஒன்றாக உட்கார ஓர் இடம் இருந்தது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

டொலீடோவின் நாமக்கோழிகள்

அதே ஒஹையோவில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது டொலீடோ. கண்ணாடித் தொழிலுக்கும் ஜீப்புக்கும் பெயர்போன ஊர். அணியின் பெயர் 'மட் ஹென்ஸ்'. தலையில் நாமம் போட்டதுபோல் வெள்ளைத் திட்டுடன் நம் ஏரி, குளங்களில் நீந்துமே நாமக்கோழி, அதன் அமெரிக்க உறவுப் பறவை அது. 1896-ல் அணி ஆடிய மைதானத்தை ஒட்டிச் சதுப்பு நிலம் இருந்தது. அங்கே திரிந்த பறவைகளின் பெயர் அணிக்கு ஒட்டிக்கொண்டது. கொரியப் போரை வைத்து எடுத்த 'மேஷ்' டிவி தொடரில் கிளிங்கர் என்ற சிப்பாய் ஊர் ஞாபகத்தில் மட் ஹென்ஸ் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பான். அந்த வேடத்தில் நடித்த ஜேமி ஃபார் உண்மையிலேயே டொலீடோக்காரர். அமெரிக்கா முழுவதும் அறிந்த மைனர் லீக் பெயர் ஒன்றைச் சொல்லச் சொன்னால் பலரும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் இந்த ஊரும் ஒருமுறை அணியைப் பறிகொடுத்திருக்கிறது. 1950களின் நடுவில் அணி கான்சஸ் மாநிலத்தின் விசிட்டாவுக்குப் போய்விட்டது. ஏறக்குறைய பத்தாண்டுகள் ஊரில் தொழில்முறை பேஸ்பால் கிடையாது. பட்ட அடியில் ஊர் பாடம் கற்றது. 1965-ல் நெட் ஸ்கெல்டன் என்ற கவுன்டி ஆணையர் முன்னின்று, புறநகரில் ஒரு பழைய பந்தயத் திடலை மைதானமாக்கி, அணியைத் திரும்பக் கொண்டுவந்தார். இம்முறை அணியைத் தனி முதலாளியிடம் விடவில்லை. லூகஸ் கவுன்டி, அதாவது மாவட்ட நிர்வாகம் என்று வைத்துக்கொள்ளலாம், லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றின் மூலம் அதைத் தன்வசம் வைத்துக்கொண்டது. இன்றுவரை அப்படித்தான்.

அதனால் என்ன வந்தது என்று 2002-ல் தெரிந்தது. புறநகரிலிருந்து அணியை நகரின் நடுவே, பாழடைந்து கிடந்த கிடங்குப் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். செலவு சுமார் 3.9 கோடி டாலர். மைதானத்தைத் தனித் தீவாகக் கட்டாமல் பழைய செங்கல் கட்டடங்களுக்கு இடையில் செருகினார்கள். வலப்பக்க மூலையில், பக்கத்துக் கட்டடத்தை அணைத்தபடி இருக்கைகள் மடிந்து வளைந்து தொங்கும். 'ரூஸ்ட்' என்று பெயர், கோழி அடையும் பரண். அங்கே உட்கார்ந்தால் மைதானமும் தெருவும் ஒரே பார்வையில் விழும். 2009-ல் பக்கத்திலேயே உள்ளரங்கம் கட்டி 'வால்ஐ' என்ற ஐஸ் ஹாக்கி அணியையும் கொண்டுவந்தார்கள். கோடையில் பேஸ்பால், குளிர்காலத்தில் ஹாக்கி. இரண்டும் அதே லாப நோக்கமற்ற ஏற்பாட்டின் கீழ். "மைதானம் கட்டித் தராவிட்டால் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன்" என்று மிரட்ட டொலீடோவில் ஆள் இல்லை. மிரட்ட வேண்டியவரும் மிரட்டப்பட வேண்டியவரும் ஒருவரே.

இரண்டு ஊர்கள், 33 இன்னிங்ஸ்

நியூயார்க் மாநிலத்தின் ராச்சஸ்டரில் இதைவிடவும் நேரடியான ஏற்பாடு நடந்தது. 1957-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தன் ராச்சஸ்டர் அணியான 'ரெட் விங்ஸை'க் கைகழுவ முடிவெடுத்தது. மாரி சில்வர் என்ற உள்ளூர் வியாபாரி ஊர்க்காரர்களிடம் பங்கு விற்கக் கிளம்பினார். 8,222 பேர் வாங்கினார்கள். அணி ஊர் மக்களின் கம்பெனி ஆனது. கோடாக், ஜெராக்ஸ் இரண்டும் பிறந்த ஊர் ராச்சஸ்டர். மைதானத்திலிருந்து பார்த்தால் கோடாக் தலைமையகக் கோபுரம் தலைக்குமேல் நிற்கும். 2012-ல் அந்த கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ரெட் விங்ஸ் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது, இப்போதும் ஆடுகிறது. மேலிடத்து அணி மட்டும் பல முறை மாறியிருக்கிறது.

இதே ரெட் விங்ஸ் 1981 ஏப்ரல் 18 அன்று ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாட்டக்கெட் ஊருக்கு ஆடப் போனது. பேஸ்பாலில் வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ். சமன் ஆனால் ஒரு பக்கம் ஜெயிக்கும்வரை நீளும். அன்று நீண்டுகொண்டே போனது. கடுங்குளிர். வீரர்கள் உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். விடியற்காலை 4.07-க்கு ஆட்டத்தை நிறுத்தியபோது 32 இன்னிங்ஸ் முடிந்திருந்தது. அரங்கில் மிச்சமிருந்த ரசிகர்கள் 19 பேர். மறுபடி ஜூன் 23-ல் தொடங்கி 18 நிமிடத்தில் முடித்தார்கள். பாட்டக்கெட் 3-2 என்று ஜெயித்தது. தொழில்முறை பேஸ்பால் வரலாற்றில் மிக நீண்ட ஆட்டம் அது. ராச்சஸ்டருக்காக ஆடிய கால் ரிப்கன், பாட்டக்கெட்டுக்காக ஆடிய வேட் பாக்ஸ் இருவரும் பின்னாளில் பேஸ்பாலின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்கள்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்த ஊருக்கு இன்று மைனர் லீக் பேஸ்பால் இல்லை. தோற்ற ஊருக்கு இருக்கிறது.

பாட்டக்கெட் சாதாரண ஊர் இல்லை. நீர்ச்சக்தியில் இயங்கிய அமெரிக்காவின் முதல் வெற்றிகரமான பஞ்சு நூற்பாலை 1793-ல் அங்கேதான் எழுந்தது. ஆலைகள் நலிந்தபின் ஊருக்கு மிஞ்சியிருந்த பெருமை, பாஸ்டன் ரெட் சாக்ஸின் டிரிபிள்-ஏ அணியான 'பாசாக்ஸ்'. 1977-ல் திவாலாகிக் கிடந்த அணியை பென் மாண்டர் என்ற ஆலை முதலாளி வாங்கினார். டிக்கெட் விலையை ஏற்றாமல், குடும்பங்கள் வரும் இடமாக மைதானத்தை மாற்றி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். 2010-ல் மறைந்தார். 2015-ல் அணி புதிய முதலாளிகள் கைக்குப் போனது. புதிய மைதானம் வேண்டும் என்று கேட்டார்கள், பேச்சு இழுத்தது, 2018-ல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஊஸ்டருக்குப் போவதாக அறிவித்தார்கள். பாட்டக்கெட்டில் கடைசியாக ஒரு பருவம் ஆடி விடைபெறுவதாக இருந்த 2020-ல் கொரோனா வந்து, அந்தப் பருவமே ரத்தானது. பிரியாவிடை ஆட்டம்கூட ஊருக்குக் கிடைக்கவில்லை. 1942-ல் திறந்த மெக்காய் மைதானத்தை இடித்துவிட்டார்கள்.

மாண்டர் நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நல்ல மனிதருக்கு ஆயுள் ஒன்றுதான். ராச்சஸ்டரின் 8,222 பேரும் ஒரே நாளில் மறையமாட்டார்கள்.

தனியார் நன்றாகச் செய்த ஊர்

எதிர்வாதத்துக்கும் ஓர் ஊர் இருக்கிறது. வட கரோலினாவின் டர்ஹம். 1988-ல் வந்த 'புல் டர்ஹம்' படத்தால் உலகுக்குத் தெரிந்த ஊர். படம் எடுத்த பழைய மைதானம் சின்னது. புதிது கட்டக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று 1990-ல் வாக்கெடுப்பு வைத்தார்கள்; மக்கள் வேண்டாம் என்றார்கள். நகராட்சி வேறு வழியில் பணம் திரட்டிக் கட்டியது. 1995-ல் திறந்தது. அணியை வாங்கிய கேபிடல் பிராட்காஸ்டிங் நிறுவனம், மைதானத்தை அடுத்து 1987 முதல் மூடிக் கிடந்த அமெரிக்கன் டொபாக்கோ புகையிலை ஆலையை அலுவலகம், உணவகம், நடைபாதை என்று மாற்றி 2004-ல் திறந்தது. இடப்பக்கச் சுவரின்மேல் ஒரு பெரிய காளைப் படம். உள்ளூர் வீரர் அடித்த பந்து காளைமேல் பட்டால் அவருக்கு இறைச்சி விருந்து என்று அதில் எழுதியிருக்கும். படத்துக்காகச் செய்த பலகையை ஊர் தன்னுடையதாகவே வைத்துக்கொண்டது. நகரத்தின் உருவத்தை மாற்றியதில் டர்ஹம்தான் முதலிடம், அதை மறுக்கமாட்டேன். ஆனால் மக்கள் வேண்டாம் என்று வாக்களித்ததையும் மறக்கமாட்டேன்.

இண்டியானாவின் ஃபோர்ட் வெய்ன் ஊரிலும் 2009-ல் மைதானத்தை நகர மையத்துக்குக் கொண்டுவந்தபோது கடும் எதிர்ப்பு இருந்தது. திறந்த ஆண்டே 'டின்கேப்ஸ்' அணி கோப்பை வாங்கியது. எதிர்ப்புக் குரல் மெல்ல ஓய்ந்தது. இந்த ஊருக்கும் ஒரு பழைய காயம் உண்டு. இன்று கூடைப்பந்தில் புகழ்பெற்ற டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி, 1957 வரை ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ்தான்.

மைதானங்களுக்கு வரிப்பணம் போடுவது நியாயமா என்ற கேள்வி எல்லா ஊரிலும் எழுகிறது. மேஜர் லீக் மைதானங்களால் ஊரின் வருமானம் உயர்வதில்லை என்பதில் பொருளாதார அறிஞர்கள் ஏறக்குறைய ஒருமித்திருக்கிறார்கள். மைனர் லீகில் நிலைமை கொஞ்சம் வேறு. ஆய்வாளர் நோலா ஆகா 2013-ல் வெளியிட்ட ஆய்வு, சில வகை அணிகளும் மைதானங்களும் உள்ள ஊர்களில் தனிநபர் வருமானம் சற்றுக் கூடியிருப்பதைக் கண்டது. 'சில வகை' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவேண்டும்.

மேலிடத்தின் கத்தி

ஊரே சொந்தமாக வைத்திருந்தாலும் போதாது என்ற நிலைமை 2020-ல் வந்தது. அதுவரை சுமார் 160 ஊர்களில் இருந்த அணிகளை மேஜர் லீக் 120 ஆகக் குறைத்தது. உரிமத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, விளக்கு, உடைமாற்றும் அறை, பயிற்சிக் கூடம் என்று மைதானங்களுக்குப் புதிய விதிகளையும் விதித்தது. நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்கள் ஒரே அடியில் வெளியே நின்றன. 1949-ல் 59 லீகுகள், சுமார் 4 கோடிப் பார்வையாளர்கள் என்று கொடிகட்டிப் பறந்த விளையாட்டு இது.

வெட்டுப்பட்டவற்றில் ஒன்று அயோவா மாநிலத்தின் கிளின்டன். மிசிசிப்பி ஆற்றங்கரையில் சுமார் 25,000 பேர் வாழும் ஊர். 1937-ல் கட்டிய மைதானம். 'லம்பர்கிங்ஸ்' அணி ஊருக்கே சொந்தம். தனியார் அணியாக இருந்திருந்தால் உரிமையாளர் கடையைக் கட்டிக்கொண்டு போயிருப்பார். கிளின்டன், கல்லூரி மாணவர்கள் கோடையில் ஆடும் பிராஸ்பெக்ட் லீகில் சேர்ந்து, அதே பெயரில், அதே மைதானத்தில் ஆடுகிறது. தரம் இறங்கியது உண்மை. மைதானத்தில் விளக்கு எரிகிறது என்பதும் உண்மை.

அதே காலத்தில் ஒரு நல்லதும் நடந்தது. பல ஆண்டுகளாக வறுமைக் கூலியில் ஆடிவந்த மைனர் லீக் வீரர்கள் 2022-ல் தொழிற்சங்கம் சேர்ந்தார்கள். 2023 ஒப்பந்தத்தில் சிங்கிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 11,000 டாலரிலிருந்து 26,200 ஆனது. டிரிபிள்-ஏ வீரருக்கு 17,500-லிருந்து 35,800. அதற்கு முன்பெல்லாம் வாடகை கட்ட வழியில்லாத பையன்களுக்கு ஊர்க் குடும்பங்களே வீட்டில் ஓர் அறை ஒதுக்கிச் சோறு போட்டன. விளையாட்டு நகரம் என்ற பெயருக்கு எந்தத் தரவரிசையிலும் வராத தகுதி அது.

இப்போது இன்னொரு போக்கு. 2021-ல் தொடங்கிய 'டைமண்ட் பேஸ்பால் ஹோல்டிங்ஸ்' என்ற நிறுவனம் 120-ல் 40-க்கும் மேற்பட்ட அணிகளை வாங்கிவிட்டது. பாட்டக்கெட்டை விட்டுப்போன ஊஸ்டர் அணியும் அதில் சேர்த்தி. டெ மாய்ன் நகரின் 'அயோவா கப்ஸ்' அணியை 2021-ல் இந்நிறுவனத்துக்கு விற்ற மைக்கேல் கார்ட்னரும் கூட்டாளிகளும், ஊழியர்களுக்கு வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 2,000 டாலர் வீதம் மொத்தம் 6 லட்சம் டாலர் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட உள்ளூர் முதலாளிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதுதான் என் கவலை.

அணி ஊருக்குச் சொந்தமாக இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு வட கரோலினாவின் கின்ஸ்டனைப் பாருங்கள். சுமார் 20,000 பேர் உள்ள ஊர். ஜெரி ஸ்டாக்ஹவுஸ், பிராண்டன் இங்ரம் என்று என்.பி.ஏ. கூடைப்பந்துக்கு நட்சத்திரங்களை அனுப்பிய மண். 2011-ல் பேஸ்பால் அணி போனது. 2017-ல் வேறொன்று வந்தது. 2024 முடிந்ததும் அதுவும் தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்குக்குப் போனது. இதில் ஊரின் விளையாட்டு ஆர்வத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை.

என் வரிசை இது. முதலில் டொலீடோ, அணியும் மைதானமும் மாவட்டத்தின் கையில், இரண்டு விளையாட்டுகளும் நகரின் நடுவில். அடுத்து ராச்சஸ்டர். கூட்டத்துக்கு டேட்டன், நகர மாற்றத்துக்கு டர்ஹம். கிளின்டனுக்கு மேஜர் லீக் இடம் கொடுக்காவிட்டாலும் என் பட்டியலில் இடம் உண்டு.

மகன், மகள் வீட்டுக்குக் கோடையில் அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நயாகராவும் டைம்ஸ் சதுக்கமும் பார்த்து முடித்தபின் ஒரு மாலையை மைனர் லீகுக்கு ஒதுக்குங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆட்டம் இருக்கும், டிக்கெட் மேஜர் லீகைவிட மிகக் குறைவு. விதிகள் தெரியாது என்று தயங்கவேண்டாம். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேளுங்கள், சொல்லித் தருவார். அப்படியே, இந்த அணி யாருக்குச் சொந்தம் என்றும் கேட்டுப் பாருங்கள்.